கரையோரத்தில் குடும்ப சிகிச்சை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணியோ உளவியலோ படித்து முடித்துவிட்டு, "குடும்பங்களோடு வேலை செய்யணும் மேடம், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒருவர் தொண்டியிலிருந்து வருவார், ஒருவர் சாயல்குடியிலிருந்து, ஒருவர் பாம்பனிலிருந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கரையில், தொண்டிக்கும் மூக்கையூருக்கும் இடையில் வேலை செய்யப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படிப்பும் பதிவும்

நம் நாட்டில் 'குடும்ப சிகிச்சையாளர்' என்று தனியாக ஒரு உரிமம் கிடையாது. அமெரிக்காவில் அந்தப் பெயரிலேயே உரிமம் உண்டு. இங்கே வேறு ஒரு வாசல் வழியாக உள்ளே வந்துதான் குடும்ப சிகிச்சையைக் கற்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாசல்கள். ஒன்று, மருத்துவ மற்றும் மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்து, பிறகு மனநல சமூகப்பணிக்குப் போவது. இன்னொன்று, உளவியலில் முதுகலை முடித்து மருத்துவ உளவியலுக்குப் போவது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு கட்டாயம். அதற்கான சட்டம் 1992ல் வந்தது. மனநல சமூகப்பணியாளர்களும் ஆலோசகர்களும் 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இரண்டு வருட எம்.ஃபில். படித்தவர்கள்தான் என் தலைமுறையில் அதிகம். யூ.ஜி.சி. 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திய பிறகு, இந்தப் படிப்புகளின் பெயரும் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே மருத்துவ உளவியல் என்றால், பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று நேராகப் பாருங்கள். "ஆறு மாதத்தில் குடும்ப சிகிச்சையாளர்" என்று சான்றிதழ் தரும் இடங்களை நம்பாதீர்கள். குடும்பத்தை நேரில் பார்க்காமல், தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து திருத்தாமல் இந்த வேலையைக் கற்க முடியாது. எங்கே சேர்ந்தாலும் முதலில் கேளுங்கள்: வார்டில் எத்தனை மணி நேரம்? யார் மேற்பார்வை?

கடலின் நாட்காட்டியைப் படியுங்கள்

பாடப்புத்தகத்தில் இது இருக்காது. ஆனால் இது தெரியாமல் இங்கே ஒரு அமர்வுகூட ஒழுங்காக நடத்த முடியாது.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம். ராமேஸ்வரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு புதன்கிழமை காலை பத்து மணி கொடுத்தேன். அம்மா வந்தார், பெண் வந்தாள், அப்பா வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. மூன்றாவது முறை பதிவேட்டில், 'தந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். அங்கே துப்புரவு வேலை பார்த்த வயதான அம்மா ஒருவர் சாயங்காலம் என் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தாயி, புதன்கிழமை போட்டு (விசைப்படகு) போற நாளு. டோக்கன் போட்டுட்டு கடலுக்குப் போயிருப்பாக. அவுக எப்பிடி வருவாக?"

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். நடுவிலுள்ள நாட்களில் நாட்டுப்படகுகள் போகும். விசைப்படகில் போகிறவர் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் தூக்கமில்லாத கண்களோடு மீன் எடை போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அன்று சாயங்காலம்தான் நேரம், அல்லது வெள்ளி. அந்தப் பதிவேட்டு வரியை நான் அடித்துவிட்டு, வியாழன் மாலை நாலரை என்று சொல்லி அனுப்பினேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு கணக்கு. அங்கே கணவர் வளைகுடாவில் இருப்பார். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதியில் வெள்ளி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் அரசு விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வீடியோ அழைப்பில் அவரைச் சேர்க்கும்போது போனை மேசையில் படுக்க வைக்காதீர்கள். அவருக்கு மின்விசிறிதான் தெரியும். ஒரு நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி, மற்றவர்கள் முகத்துக்கு நேர் உயரத்தில் போனைச் சாய்த்து வையுங்கள். அவருக்கென்று ஒரு இருக்கை வந்துவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் அவர் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்குவார்கள். கீழக்கரையில் பல வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாமியார்–மருமகள் சண்டை என்று புத்தகத்தில் படித்த அச்சை அங்கே வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. உம்மாவும் மகளும் ஒரே வீட்டில், மருமகன் விருந்தாளி மாதிரி விடுமுறையில் வந்து போவார்.

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் கடலுக்குள் இறங்கும் நாட்களையும் கேட்டு வையுங்கள். அவர்களிடம் "காலையில் வாங்க" என்று சொல்வது வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்வதுதான்.

மிலான் நகரத்துக் குடும்ப சிகிச்சைக் குழு 1970களில் மாதத்துக்கு ஒருமுறை என்று அமர்வு வைத்தது. தெற்கு இத்தாலியிலிருந்து குடும்பங்கள் ரயிலில் வெகுதூரம் வர வேண்டியிருந்ததுதான் அதற்குக் காரணம். அந்த இடைவெளியே குடும்பம் மாறுவதற்கு உதவுகிறது என்று பிறகு அவர்கள் கண்டார்கள். வாராவாரம் வந்தாக வேண்டும் என்று வாலிநோக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவரை வற்புறுத்தாதீர்கள்.

குடும்ப வரைபடம்: முதலில் உங்களுடையது

ஜெனோகிராம் என்னும் குடும்ப வரைபடம் நமக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, மூன்று தலைமுறை. சண்டை இருக்கும் இருவருக்கு இடையே வளைந்து நெளிந்த கோடு. முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் சிந்தனையிலிருந்து வளர்ந்த கருவி இது. இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம்.

வேறு யார் வீட்டையும் வரைவதற்கு முன் உங்கள் வீட்டை வரையுங்கள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தச் சாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, எந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எந்தச் சித்தப்பா வரவில்லை. என் மாணவர்களை இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அப்பத்தாவிடமும் அத்தையிடமும் கேட்டுத்தான் பல கட்டங்களை நிரப்ப முடியும். அப்படிக் கேட்கும்போது, தன் வீட்டைப் பற்றிச் சொல்வது எவ்வளவு கடினம் என்று உடம்புக்கே தெரியும். அது தெரிந்தவர்தான் நாளைக்கு எதிரே உட்காருகிறவரை அவசரப்படுத்தாமல் இருப்பார்.

நம் கரைக்காக நான் இரண்டு குறிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கடலில் தொழில் செய்கிறவருக்குக் கீழே ஒரு அலைக்கோடு, வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு அம்பு. கடலுக்குப் போய் உடலே கிடைக்காதவருக்கு என்ன குறி போடுவது என்று நெடுநாள் யோசித்தேன். குறுக்குக் கோடு போட்டபோது ஒரு தாய் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்றிலிருந்து அதைக் குடும்பத்தையே கேட்கிறேன். "இவரை எப்படிப் போடட்டும்?" சிலர் கோடு போடச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். ஒரே வீட்டில் அம்மா ஒன்றும் மகன் ஒன்றும் சொன்னால், அன்றைய அமர்வு அதுதான்.

முதல் அமர்வு

உள்ளே வந்ததும் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். நாற்காலியை நீங்கள் காட்டாதீர்கள். ஆள் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் போட்டு வையுங்கள். குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின் குடும்பத்தின் அமைப்பைப் பற்றிப் பேசினார். யார் யார் பக்கம், யாருக்கு நடுவில் சுவர், எங்கே சுவரே இல்லை என்பதெல்லாம் உட்காரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். இரண்டு மூன்று வீடுகளைக் கலந்து, அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர். ஆள் வந்துவிட்டார், படகு வரவில்லை. பதினைந்து வயது மகன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான், அப்பாவோடு பேசுவதில்லை. "பையனுக்குப் புத்தி சொல்லுங்க" என்று அழைத்து வந்தார்கள்.

மகன் அம்மாவுக்கு வலது பக்கம், நெருக்கி உட்கார்ந்தான். தங்கை அவனுக்கு அடுத்து. அப்பா கதவோரம் இருந்த நாற்காலியில், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும். நான் எது கேட்டாலும் அம்மா மகன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அப்பா இல்லாத மாதங்களில் அந்த வீட்டின் தலைவன் யார் என்று எனக்குப் புரிந்தது. திரும்பி வந்தவருக்கு உட்கார இடம் இல்லை. இடத்தை விட்டுக்கொடுத்தால் தான் பட்ட பாடு ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்ற பயம் பையனுக்கு.

நான் பையனுக்குப் புத்தி சொல்லவில்லை. "அப்பா இல்லாதப்ப வீட்டுல நீ பாத்த வேலையில மூணு வேலைய அப்பாகிட்டச் சொல்லு. எங்கிட்ட வேண்டாம், அவர்கிட்ட" என்றேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழு லோன் தவணை, தங்கச்சிக்கு ஸ்கூல் பீஸ், வலையை விற்றது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான். வலை விற்றதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: "குழு லோன்ல இன்னும் எத்தன தவணை பாக்கி?" "நாலு." "சரி, அடுத்த தவணைக்கு நானும் வாரேன்." அவர்கள் இருவரும் பல வாரங்களுக்குப் பிறகு பேசிய பேச்சு அதுதான். அன்று அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. முதல் அமர்வில் இவ்வளவு போதும்.

புதியவர்கள் செய்யும் தவறு, இந்த இடத்தில் "பாத்தீங்களா, மனசு விட்டுப் பேசினா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு வரி சேர்ப்பது. தயவுசெய்து சேர்க்காதீர்கள். அவர்கள் பேச்சு அவர்களுடையதாகவே வீட்டுக்குப் போகட்டும்.

கேள்வி கேட்கும் முறைக்கு மிலான் குழுவினரின் வட்டக் கேள்விகளைப் பழகுங்கள். "உங்களுக்குக் கோபமா?" என்று அவரிடமே கேட்பதைவிட, "அப்பா கோபமா இருந்தா முதல்ல யாருக்குத் தெரியும்?" என்று தங்கையிடம் கேட்பது அதிகம் சொல்லும். நம் ஊரில் பெரியவர்களை நேருக்கு நேர் கேட்கத் தயங்கும் இடங்களில் இது மிகவும் பொருந்துகிறது. மரியாதையும் கெடாது.

சேர்த்து உட்கார வைக்கக் கூடாத நேரங்கள்

அடி இருக்கும் வீட்டில், பயம் இருக்கும் வீட்டில், கணவன் மனைவியைச் சேர்த்து வைத்துப் பேச வைக்காதீர்கள். இங்கே மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், யாருக்கும் சந்தேகம் வராமல் பெண்ணிடம் கேட்க முடியும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், 181 உதவி எண் இவற்றைக் கையில் வைத்திருங்கள். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே இரகசியம் காப்பது கிடையாது என்பதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்புங்கள். இரவு பகல் எந்நேரமும் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது.

இரகசியம் என்றதும் இன்னொன்று. சின்ன ஊர். நீங்கள் பார்க்கும் குடும்பத்தை நாளைக்கு மீன் கடையில் பார்ப்பீர்கள். அவர்கள் வணக்கம் சொன்னால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீனைப் பாருங்கள். இதையும் முதல் நாளே சொல்லி வைத்தால் அவர்களுக்கு நிம்மதி. கட்டணமாக மீன் கொண்டு வருவார்கள். குறைந்த தொகையாக இருந்தாலும் பணமாகவே வாங்குங்கள். மீன் வாங்கினால் மீன்பாடு இல்லாத வாரம் வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள்.

ஏர்வாடியை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தத் தேதியை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

ஆனால் குணமாகும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்குப் பிள்ளையை அழைத்து வரும் தாயைக் குற்றவாளி போலப் பார்க்காதீர்கள். எங்கெங்கோ அலைந்து, நகையை விற்று, கடைசியில் அங்கே வந்து நிற்பவர் அவர். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். கூட இருந்து பார்க்கும் குடும்பத்தையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது அவர் செய்த பெரிய காரியம். ஏர்வாடியில் மகன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடாரங்கள் நினைவுக்கு வரும். அவரிடம் துஆவை (வேண்டுதலை) நிறுத்தச் சொல்லாதீர்கள். "துஆவும் ஓதுங்கம்மா, மாத்திரையும் விடாம குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

திருத்துகிறவர் ஒருவர்

தனியாக வேலை செய்யாதீர்கள். ராமநாதபுரத்தில் உங்களுக்கு மேலே அனுபவசாலி இல்லையென்றால் மதுரையில் ஒருவரைப் பிடியுங்கள். மாதம் இரண்டு முறை போனில் ஒரு மணி நேரம் போதும். குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அமர்வை ஒலிப்பதிவு செய்து, அதில் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் ஐந்து நிமிடத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நன்றாக வந்த ஐந்து நிமிடத்தைக் காட்டிப் பயனில்லை.

வகுப்பறைக்குப் போகும்போது

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. முதுகலை முடித்த கையோடு நெட் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து படிப்பது கடினம். ஆனால் தேர்வானவுடனே பாடம் நடத்தப் போகாமல், மூன்று நான்கு வருடமாவது குடும்பங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். போன பிறகும் வாரத்தில் ஒரு மாலையாவது குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். சிகிச்சையை விட்டுவிட்ட ஆசிரியரின் பாடத்தில் வரும் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகத்துக் குடும்பமாகிவிடும். அதை நான் என்னிடமே இரண்டு வருடம் பார்த்தேன். அப்போது முழுநேரமும் கல்லூரியில் இருந்தேன்.

தமிழில் நடத்துங்கள். 'எல்லை' என்ற சொல்லை வைத்து மினுச்சினை விளக்க நான் திணறிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து மாணவி எழுந்து, "வரப்பு மாதிரியா மேடம்?" என்றாள். "வரப்பு இருந்தாத்தான் ரெண்டு வயலும் பொழைக்கும். ஆனா மடை வெட்டி விடலேன்னா கண்மாய்த் தண்ணி அடுத்த வயலுக்குப் போகாது." வரப்பே இல்லாத குடும்பம், மடையே இல்லாத குடும்பம் என்று அன்றைக்கு வகுப்பு முழுக்கப் பேசினோம். அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்தியதே இல்லை. உங்கள் மாணவர்களின் ஊரில் இப்படிச் சொற்கள் கிடக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

பாடத்தைவிட நடித்துக் காட்டும் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுங்கள். நாலு மாணவர்கள் குடும்பமாக, ஒருவர் சிகிச்சையாளராக. முடிந்ததும் சிகிச்சையாளராக நடித்தவரை முதலில் கேட்காதீர்கள். அப்பாவாக நடித்தவனைக் கேளுங்கள்: "எந்த இடத்தில் எழுந்து போகத் தோன்றியது?"

கடைசியாக, களப்பணி அட்டவணை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாட்டுப்படகுகள் போகும், விசைப்படகுகள் நிற்கும். வருடத்தில் அந்த இரண்டு மாதம்தான் விசைப்படகுக் குடும்பங்களில் எல்லோரும் கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, கடன்காரர் வாசலில் நிற்பார், குடியும் சண்டையும் கூடும். சேர்ந்து உட்கார்ந்து பேசவும் அப்போதுதான் நாள் கிடைக்கும். ஆனால் கல்லூரிக்கு அது தேர்வும் விடுமுறையுமான காலம், மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் ஜனவரியிலேயே துறைத்தலைவரிடம் பேசி, விருப்பமுள்ள நாலு மாணவர்களையாவது மே மாதத்துக்குக் கரையோரக் கிராமங்களில் போட அனுமதி வாங்கி வையுங்கள். தொடங்கிய குடும்பங்களை ஜூன் முதல் வாரத்துக்குள் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பத்தாம் தேதிக்கு மேல் வலையைத் தூக்கிப் படகில் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.